பின்னால் வந்தவர்

ஆவுடையப்பன் ஓடத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சர்க்கரை கூடியிருக்கிறது, நடங்கள் என்றார் மருத்துவர். நடந்தார். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான்கு மின்கம்பங்களின் தூரம் ஓடிப் பார்த்தார். அன்றோடு அது பிடித்துக்கொண்டது.

அடுத்த வருடமே இருபத்தொரு கிலோமீட்டர் போட்டியில் பெயர் கொடுத்தார். மூன்றேகால் மணி நேரம் ஆனது. மறுவாரம் அமலி டீச்சரின் ஓட்டக்குழுவில் போய்ச் சேர்ந்தார். டீச்சர் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனால் குழுவில் டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று வருடத்தில் ஆவுடையப்பன் இளைத்தார், வேகமும் கூடியது. கைக்கடிகாரத்தில் பத்து கிலோமீட்டர் முழுசாக வராவிட்டால் வீட்டுக்குள் நுழையமாட்டார். வாசலுக்கு முன்னால் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருப்பார். சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதுண்டு.

ஒரு பழக்கம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. ஓடும்போது திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பார். குழுவில் எல்லோருக்கும் அது கேலி. "அண்ணாச்சி, நாய் எதுவும் துரத்துதா?" என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

இந்த வருடப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போன பிறகும் அவர் போகவில்லை. டீச்சர் கடற்கரைச் சாலையில் கிடந்த தண்ணீர் பாட்டில்களைச் சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் கூடவே குனிந்து பொறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

"ஓட்டத்தை விட்டுரலாமான்னு பார்க்கேன், டீச்சர்."

டீச்சர் நிமிரவில்லை. அவராகவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை ஆவுடையப்பன் அன்று சொன்னார். அந்த முதல் போட்டியில், பதினேழாவது கிலோமீட்டரில், அவருக்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது. உட்கார்ந்துவிடலாம் என்று ஓரமாக ஒதுங்கியவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு ஆள் வந்துகொண்டிருந்தது. சிவப்புத் தொப்பி, வெயிலுக்கு முகத்தைச் சுற்றி ஒரு துண்டு. நொண்டி நொண்டி வந்தது. அதைப் பார்த்ததும் தன் மனசுக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நம்மைவிட மோசமாக ஒருத்தன் இருக்கிறான். அந்தச் சந்தோஷத்திலேயே மீதி நான்கு கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். நின்று, என்னப்பா காலில் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பட்டியலைப் பார்த்தால் கடைசிப் பெயர் ஆவுடையப்பனுடையது. சிவப்புத் தொப்பி முடிக்கவே இல்லை. எங்கே விழுந்தாரோ, என்ன ஆனாரோ.

"முதலுதவிக் கூடாரத்தில விசாரிச்சேன். அப்படி யாரும் வரலைன்னுட்டாங்க. அதுக்கு மேல கேக்க எனக்குப் பயமா இருந்தது," என்றார். இப்போது ஓடும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பது அந்த ஆளைத்தான் என்றும், பார்க்கும்போதே எத்தனை பேர் பின்னால் இருக்கிறார்கள் என்று மனசு எண்ணிவிடுகிறது என்றும் சொன்னார். "இவ்வளவு கேவலமான மனசை வச்சுக்கிட்டு என்ன ஓட்டம், டீச்சர்?"

டீச்சர் சாக்கின் வாயைக் கட்டினார்.

"எந்தக் கால்?"

அவருக்குப் புரியவில்லை.

"அந்த ஆள் எந்தக் கால நொண்டினாரு?"

"இடது கால்."

"நல்லா ஞாபகமா?"

"அதை மறக்க முடியுமா, டீச்சர்?"

டீச்சர் சாக்கைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தார். "இந்த வருசம் நீங்க கடைசி ஆளா வாங்க, சார்," என்றார்.

ஆவுடையப்பன் இந்த வருடம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிப்பதற்காக ஆறு மாதமாக உழைத்திருந்தார். அது டீச்சருக்கும் தெரியும். அட்டவணை போட்டுக் கொடுத்ததே டீச்சர்தான்.

மூன்று கட்டளைகள் இருந்தன. யாரையும் தாண்டக் கூடாது. முன்னால் போகிறவர் நின்றால் இவரும் நிற்கவேண்டும். கடைசி ஆளாக வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை யாரிடமும், குழுவில் உள்ளவர்களிடம்கூட, சொல்லக் கூடாது. காரணம் கேட்டார். டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தண்டனை என்றுதான் ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டார். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

போட்டியன்று விடியும் முன்னே எல்லோரும் பறந்துவிட்டார்கள். இரண்டாவது கிலோமீட்டரில் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். சாலை காலியாகக் கிடந்தது. தூரத்தில், களைத்தவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் ஊர்ந்து வந்தது. இரண்டு பக்கமும் உப்பளங்கள், குவித்து வைத்த உப்பு. எண்ணுவதற்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

முன்னால் ஒரே ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார், புது ஷூ, நெஞ்சில் எண்ணோடு ஜெபக்கனி என்ற பெயர். ஓட்டமும் நடையுமாகப் போனவள் அவ்வப்போது திரும்பிப் பார்த்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் கொஞ்சம் ஓடினாள்.

பதினாறாவது கிலோமீட்டரில் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஷூவைக் கழற்றினாள். அவரும் நின்றார். குனிந்து, தன் ஷூவின் அவிழாத கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். அவள் அவரைத் தாண்டி வேனைத் தேடினாள். கையைத் தூக்கப்போகிறாள் என்று தெரிந்தது. தூக்குவதற்கு முன்னால் அவரை ஒருமுறை பார்த்தாள். வேகமான, திருட்டுத்தனமான ஒரு பார்வை.

அந்தப் பார்வை ஆவுடையப்பனுக்குத் தெரியும். மூன்று வருடமாக அது அவருடையது.

அவர் யோசிக்கவில்லை. நிமிர்ந்து நடந்தார். நடந்தபோது இடது காலை இழுத்தார்.

ஜெபக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். தூக்கவந்த கை ஷூவை எடுத்து மாட்டியது. எழுந்தாள், போனாள். அவர் மூச்சு விட்டார்.

ஆனால் ஐம்பதடி போனவள் நின்றுவிட்டாள். திரும்பி அவரை நோக்கியே வந்தாள்.

"அண்ணாச்சி, கால் ரொம்ப வலிக்கா? வாங்க, பேசிக்கிட்டே சேர்ந்து போயிருவோம்."

ஆவுடையப்பனுக்கு அன்று வராத வார்த்தை. அதை இவள் இவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாள்.

"நீங்க முன்னால போங்கம்மா," என்றார். "உங்களைப் பார்த்துக்கிட்டே நான் வந்துருவேன்."

அவள் போனாள். திரும்பும்போதெல்லாம் "வாங்க, வாங்க" என்று கையை ஆட்டினாள். அவளை நம்பவைக்க அவரும் நொண்டினார். பாலம் தாண்டிய பிறகு எந்தக் காலை நொண்டினோம் என்பதே மறந்துபோய், ஒருமுறை வலதை இழுத்தார். அவள் கவனிக்கவில்லை.

எல்லைக்கோட்டுக்கு வந்தபோது போட்டி தொடங்கி மூன்று மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி கழுத்தில் பதக்கத்தோடு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். கடைசி இல்லை, எனக்குப் பின்னாலயும் ஒருத்தர் வந்தார், பாவம், கால் முடியாதவர் என்றாள். அவரைப் பார்த்ததும் ஓடிவந்து, தனக்குக் கொடுத்த மோரை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மேஜையில் முடிவுப் பட்டியல் ஒட்டியிருந்தது. மோரைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். கடைசிப் பெயர் ஜெபக்கனி. கீழே வெறும் தாள். ஆவுடையப்பன் என்ற பெயர் எங்கேயும் இல்லை. மூன்று வருடம் முன்னால் சிவப்புத் தொப்பியின் பெயரும் இப்படித்தான் இல்லாமல் இருந்தது. மேலிருந்து இன்னொருமுறை படித்தார். பிறகு மோர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அமலி டீச்சர் ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் கயிற்றின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சிவப்புத் தொப்பி என்ன ஆச்சு, டீச்சர்?"

"எல்லைக்கோட்டுகிட்ட காத்து கொண்டுபோயிருச்சு, சார். நல்ல தொப்பி."

"இடது கால்தானே?"

"பாலம் வரைக்கும் வலது. அப்புறம் எதுன்னு எனக்கே தெரியலை."

கயிறு அவர் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

"இன்னைக்கு அந்தம்மா திரும்பி வந்து கேட்டாங்க, டீச்சர். நான் அன்னைக்குத் திரும்பி வரலை. உங்களைப் பார்த்துச் சந்தோஷம்தான் பட்டேன்."

டீச்சர் கடைசிச் சுற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அதுக்குத்தானே சார் நொண்டினேன்."