இடதுகள்ளன் வேசம்

பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் போடுகிற பாஸ்கா நாடகத்தில் இடதுகள்ளன் வேசத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவே கிடைக்காது.

ஆண்டவரோடு சேர்த்து இரண்டு கள்ளர்களையும் சிலுவையில் ஏற்றினார்கள் அல்லவா. வலதுகள்ளன் மனம் திரும்பினான், அவனுக்குப் பரலோகம் கிடைத்தது. இடதுகள்ளன் சாகிற நேரத்திலும் ஆண்டவரை ஏசினான். அந்த வேசம் கட்டியவனுடைய வலையில் அந்த வருசம் பாடே இருக்காது என்று எங்கள் கரையில் ஒரு பயம். பாடு என்றால் எங்களுக்கு மீன் படுவது. ஆண்டவர் பட்டதையும் பாடு என்றுதான் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒருத்தனும் யோசித்தது கிடையாது.

அதனால் உள்நாட்டிலிருந்து எவனையாவது பேசிக் கூட்டி வருவோம். அவனும் தன் வசனத்தை முணுமுணுத்துவிட்டுத் தொங்குவான். கடைசியில் ஆண்டவரை ஏணி வைத்து இறக்கி, மாதா மடியில் கிடத்தி, ஆசந்திப் பாடையில் வைத்து ஊரே அழுதுகொண்டு சுற்றி வரும். இடதுகள்ளனை அவிழ்த்துவிட யாருக்கும் ஞாபகம் வராது. எல்லாரும் போன பிறகு யாராவது வந்து கட்டை அவிழ்த்தால் உண்டு.

இந்த வருசம் இஞ்ஞாசி வந்து அந்த வேசத்தைக் கேட்டான்.

வேறு யாராவது கேட்டிருந்தால் பரவாயில்லை. இஞ்ஞாசி பல வருசமாக ஆண்டவர் வேசம் கட்டியவன். தவக்காலம் முழுக்கக் கவிச்சி தொடாமல் வெறுந்தரையில் படுப்பான். சிலுவையில் அவன் தலை சாய்கிறபோது கைப்பிள்ளைகூட அழாது. அவனுக்கு நாடகம் பழக்கியவர் கஸ்பார். நாடகம் பழக்குகிறவரை நாங்கள் அண்ணாவி என்போம்.

இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். ஒருநாள் எஞ்சினை இறக்கும்போது அது சரிந்து அண்ணாவியின் வலது தோளில் விழுந்தது. அதிலிருந்து அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. கடலை விட்டார், நாடகத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தானாக ஒரு வேசமும் கட்டியதில்லை. ஏதாவது கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்கிற ஆளும் இல்லை. அவரோடு பேசி முடிப்பதற்குள் நமக்குத்தான் உயிர் போகும்.

கார்த்திகைப் புயலில் இஞ்ஞாசியின் மகன் டெல்வின் போன வள்ளம் கவிழ்ந்தது. டிவியில் கீழே எழுத்து ஓடியது. இருவர் மீட்பு, ஒருவரைக் காணவில்லை. அந்த ஒருவன்தான் டெல்வின். உடல் கரைக்கு வரவில்லை. அதனால் அடக்கப் பூசை இல்லை, குழி இல்லை, ஒப்பாரி இல்லை. துக்கம் கேட்கப் போன பெண்களிடம் தாய்க்காரி கித்தேரி, "பிள்ளையக் காட்டுங்க, அழுவேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இஞ்ஞாசியும் அழவில்லை. கோயிலுக்கு வருவதை நிறுத்தினான்.

தவக்காலம் தொடங்கியதும் அவன் அண்ணாவியைத் தேடிப் போனான். கொட்டகையில் அவர் பழைய கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இடதுகள்ளன் வேசம் தாரும்."

"என்னத்துக்கு?"

"அவர ஏசணும்."

"வீட்டுல இருந்தே ஏசலாமே."

"ஊர் பார்க்க ஏசணும். ஊர் பார்க்கத்தானே இத்தன வருசம் அவரா நின்னேன்."

அண்ணாவி கயிற்றை மடியில் வைத்துக்கொண்டார்.

"மீட்பரு, மீட்பருன்னு நீருதான் எனக்குச் சொல்லித் தந்தீரு" என்றான் இஞ்ஞாசி. "கூடப்போன ரெண்டு பேரையும் மீட்டாச்சு. எம் பிள்ளைய மீட்க மட்டும் அவருக்குக் கை வரல. ஒரு எலும்பக்கூடக் கரைக்குத் தரல. பொறவு என்னத்துக்கு அவரு செத்தாரு? அவரு செத்ததுல எனக்கு என்ன ஆச்சு? சொல்லும் அண்ணாவி. நீரு பதில் சொன்னா இருக்கேன். இல்லன்னா பெரிய வெள்ளியோட அவரையும் இந்தக் கோயிலையும் தலை முழுகிட்டு, கித்தேரியக் கூட்டிக்கிட்டு இந்தக் கரைய விட்டே போயிருவேன்."

"வேசம் உமக்குத்தான்."

"பதிலு?"

"இந்த முனையப் பிடியும். புதுசா முறுக்கணும்."

இஞ்ஞாசி பிடித்தான். பழக்கதோசம். இருவருமாகக் கயிற்றை முறுக்கி முடித்தார்கள்.

கிளம்பும்போது கேட்டான். "என்னைக்கு வந்து வசனம் பழக?"

"பழக வேண்டாம். உம்ம வசனத்தச் சொல்லும்."

விசயம் வெளியே தெரிந்ததும் ஊர் சும்மா இருக்குமா? கடற்கரையில், கோயில் முற்றத்தில், ஐஸ் பெட்டி ஏற்றுகிற இடத்தில் எல்லாம் இதே பேச்சு. கமிட்டித் தலைவர் ரொட்ரிகோ நேரே அண்ணாவியின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அவன் கண்டபடி பேசினா ஊருக்கு ஆகாது வே."

"அவனுக்கு ஆகும்."

"சரி, ஆண்டவர் வேசத்துக்கு யாரு? இஞ்ஞாசி வாய்க்குப் பக்கத்துல தொங்க மாட்டேன்னு எல்லாவனும் ஓடுதான்."

"நான் தொங்குதேன்."

ரொட்ரிகோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாருக்கு கதை! சட்டையே ஒரு கையால போடுத ஆளு நீரு. கை எழும்பாம எப்படிவே சிலுவையில நிப்பீரு?"

"நாலு பேரு தூக்கிக் கட்டினா எழும்பும்."

ரொட்ரிகோ சிரிப்பை நிறுத்தினார். அந்தத் தோளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இதை இஞ்ஞாசியிடம் யாரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவனோடு யார் பேசினார்கள்?

பெரிய வெள்ளி. வெயில் தாழத் தொடங்கியிருந்தது. கடலுக்கு முதுகு காட்டி மணலில் மூன்று சிலுவைகள். வழக்கப்படி முதலில் கள்ளர்களைக் கட்டி ஏற்றினோம். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுச்சிலுவைக்கு ஆண்டவர் வந்தார். ஒட்டுத்தாடியும் முள்முடியுமாக அவரை இஞ்ஞாசிக்கு அடையாளம் தெரியவில்லை.

இடது கையைக் கட்டினோம். வலது கையை நாலு பேர் சேர்ந்து மெதுவாக உயர்த்தினோம். நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேல் தூக்கியபோது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. நானும் அந்த நாலு பேரில் ஒருத்தன். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இஞ்ஞாசி திரும்பிப் பார்த்தான்.

"ஏ அண்ணாவி! நீரா?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"கிறுக்குப் பிடிச்சிட்டாவே உமக்கு? அந்தத் தோள வச்சுக்கிட்டு... ஏலே, அவர இறக்குங்கலே!"

"ஏசும்" என்றார் அண்ணாவி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"உம்மள நான் எப்படி ஏச?"

"என்னை இல்ல. இங்க தொங்குதவர ஏசும். ஊர் காத்துக் கெடக்கு."

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"நீ மீட்பரா?"

கூட்டம் அசையவில்லை.

"நீ மீட்பரா? உன் வேசத்த நான் கட்டினேன். உனக்காகப் பட்டினி கெடந்தேன். எம் பிள்ள சின்னதுல உன் காலடியில நின்னு, எங்க அப்பாவ அடிக்காதீங்கன்னு அழுவான். அவன் கடல்ல கெடந்து கத்தும்போது நீ எங்க போன? தண்ணிமேல நடந்தவன்தானே நீ? என் பிள்ளகிட்ட நடந்து போக உனக்குக் கால் வலிச்சுதா? இறங்கு! இப்பவே இறங்கு! அந்தா கெடக்கு கடலு. போயி அவனத் தூக்கிட்டு வா. உசிரோட வேண்டாம். அவன் தாயி பார்க்க ஒரு உடம்பக் கொண்டா. அதுக்கும் வக்கில்லன்னா நீ என்ன மயித்துக்கு மீட்பரு?"

பெண்கள் காதைப் பொத்தினார்கள். பின்னாலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து அவன் விலாவில் பட்டது. ரொட்ரிகோ எழுந்தார், என்ன நினைத்தாரோ, செருப்பு வந்த பக்கம் பார்த்துக் கையை ஓங்கிவிட்டு உட்கார்ந்தார்.

நடுச்சிலுவையில் இருந்தவர் இஞ்ஞாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. தாடியில் பூசிய சாயம் வியர்வையில் கரைந்து நெஞ்சில் வழிந்தது.

"பேசு! வாயில என்ன, மண்ணா?" என்று கத்தினான் இஞ்ஞாசி. "இறங்கு! இறங்குன்னு சொல்லுதேன்லா!"

டெல்வின் என்றான். மறுபடியும் டெல்வின் என்றான். பிறகு அந்தப் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தான்.

மாதா ஒப்பாரி வைக்கவேண்டிய இடம் அது. மாதா வேசம் கட்டியிருந்தவள் எழுந்து வருவதற்குள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கித்தேரி மணலில் தவழ்ந்து சிலுவைகளுக்குக் கீழே வந்துவிட்டாள். இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"என்னப் பெத்த ராசா, உனக்கு மண்ணள்ளிப் போட எனக்குக் குடுத்து வைக்கலயே. என் சாமி, உன்ன ஒருக்கத் தொட்டுப் பார்க்கக் குடுத்து வைக்கலயே."

மாதா வேசக்காரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு நாடகம் என்று ஒன்றும் அங்கே நடக்கவில்லை. கார்த்திகையிலிருந்து அடக்கிவைத்திருந்ததை எல்லாம் ஊர் அழுது தீர்த்தது. நானும்தான்.

சூரியன் அடங்கியது. அண்ணாவி கடைசி வசனத்தைச் சொல்லவில்லை, தலையும் சாய்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் வழக்கப்படி ஏணியை நடுச்சிலுவையில் சாத்தினோம். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"அண்ணாவி, கை நீலம் பாரிச்சுப் போச்சு. இறங்கும்."

மறுபடியும் தலையை அசைத்தார்.

இடது பக்கத்திலிருந்து இஞ்ஞாசி பேசினான். கத்திக் கத்தி அவன் தொண்டை கிழிந்திருந்தது.

"நான் ஏசி முடிச்சாச்சு அண்ணாவி. உம்ம காலப் பிடிச்சுக் கேக்கேன். ஏணி வந்துட்டுல்லா, பொறவும் ஏன்வே இறங்காம இருக்கீரு?"

அண்ணாவி கஷ்டப்பட்டு அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீரு இன்னும் இறங்கலயேவே."