திருப்பி வைக்காத தட்டு

கோத்தகிரியில் மழை விடாத மாதம். லூர்தம்மா புருஷனைப் புதைத்து முப்பது நாள்கூட ஆகவில்லை. ஒற்றை அறை வீட்டில் தட்டுத் தட்டாகக் கடுகு விதைத்து, விரலளவு வளர்ந்ததும் மைக்ரோகிரீன்ஸ் என்று விற்றால்தான் அவளுக்குக் கஞ்சி. வாங்குவது ஒரே ஆள், சொகுசு விடுதி முதலாளி ரங்கதுரை.

"அடுத்த வாரம் பெரிய மனுஷங்க வர்றாங்க. பத்துத் தட்டை அப்படியே கொண்டாந்து கண்ணாடி அறையில வை. எங்க விடுதியிலயே விளைஞ்சதுன்னு சொல்லப்போறேன். நீ தண்ணி தெளிக்கிற ஆளா நில்லு. வாயைத் திறந்தே, அன்னிக்கோட உன் கீரை எனக்கு வேண்டாம்."

"நானா திறக்க மாட்டேன் முதலாளி."

தினமும் திருப்பி வைத்தால்தான் செடி நேராக நிற்கும். அந்த வாரம் அவள் ஒரு தட்டையும் திருப்பவில்லை.

வந்தவர்களிடம் ரங்கதுரை, "விதைச்ச நாள்லேருந்து இந்த இடத்தைவிட்டு அசைக்கல!" என்று மார்தட்டினார்.

குன்னூரில் ஹோட்டல் நடத்தும் ஒரு அம்மாள் குனிந்து பார்த்தார். "செடி வெளிச்சத்துப் பக்கம்தானே சாயும்? இதெல்லாம் ஏன் சுவரைப் பார்த்துச் சாஞ்சிருக்கு?"

ரங்கதுரைக்கு வேர்த்துவிட்டது. "ஏய், தண்ணி தெளிக்கிறவ நீதானே? சொல்லேன்!"

சொல்லச் சொன்னது முதலாளியாயிற்றே. லூர்தம்மா வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுல ஒரே ஜன்னல்தாம்மா. அந்தப் பக்கமே சாஞ்சு வளர்ந்துடுச்சு."

ரங்கதுரை தரையைப் பார்த்தார்.

"உங்க வீடு எங்கம்மா? இனி அங்கேயே வந்து வாங்கிக்கிறேன்," என்றார் குன்னூர் அம்மாள்.

"கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்ல. ஜன்னலும் அந்தப் பக்கம்தாம்மா."