விகடன் உள்ளுக்குள் அழுகிறான்!

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டைச் சித்திரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதம்.

அவருடைய விகடன் குப்பாண்டி, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்ததும் குறட்டை விடுகிற ஆள். அவன் வாயைத் திறந்தால் சபை சிரிப்பில் குலுங்கும். சிடுமூஞ்சி அமைச்சர் அகோரமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் ராஜாவின் காதருகே குனிந்தார்.

"பிரபு, ஊரைச் சிரிக்கவைப்பவன் உள்ளுக்குள் அழுகிறவன். வெளியே எதுவோ, உள்ளே அதற்கு நேர்மாறு. குப்பாண்டி பாவம்!"

ராஜா உருகிவிட்டார். அன்றிலிருந்து குப்பாண்டி எதைச் சொன்னாலும் சபை சிரிக்கவில்லை, உச்சுக்கொட்டியது. "எனக்கு ஒரு குறையும் இல்லை மகாராஜா!" என்று அவன் சிரித்தால், "பாருங்கள், எப்படி மறைக்கிறான்!" என்று ராணி கண்ணைத் துடைத்தாள்.

அரண்மனை வைத்தியர் வேறு வந்து நாடி பிடித்தார். "துக்கம் முற்றிவிட்டது. நாளை முதல் ஒரு மண்டலம் வேப்பம்பட்டைக் கஷாயம். இனி விகடன் உத்தியோகமே கூடாது."

அப்போதுதான் குப்பாண்டிக்கு நிஜமாகவே கவலை வந்தது. சம்பளம் போனால் போகட்டும், யாரையும் சிரிக்கவைக்காமல் அவனால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

"குடிக்கிறேன் மகாராஜா" என்று கும்பிட்டான். "அமைச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு சந்தேகம். போன ஆடியில் பட்டத்து யானை செத்தபோது மண்ணில் புரண்டு அழுதாரே, நீங்கள்கூட மெச்சி அவருக்கு முத்துமாலை போட்டீர்களே... அன்றைக்கு உள்ளுக்குள் எவ்வளவு சிரித்திருப்பார்!"

ராஜாவின் மீசை துடித்தது. "என்ன அகோரமூர்த்தி?"

"ஐயையோ, இல்லை பிரபு! அது மனசிலிருந்து வந்த அழுகை. வெளியே தெரிவதுதான் உள்ளேயும்!"

"அப்படியானால் என் சிரிப்பும் நிஜம்தான், கஷாயத்திலிருந்து தப்பித்தேன்" என்றான் குப்பாண்டி. "ஆனால் அமைச்சரே, தினமும் மகாராஜாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறீர்களே, அதுவும் மனசிலிருந்து வருவதுதானா?"

அமைச்சர் அவசர அவசரமாகப் பல்லைக் காட்டிப் பார்த்தார். அந்தக் கோலத்தைக் கண்டு ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்த முத்துமாலை விகடன் கழுத்துக்கு வந்தது. கஷாயம் அமைச்சருக்குப் போனது, அதுவும் சிரித்த முகத்தோடு குடிக்க வேண்டுமென்ற உத்தரவோடு.

ராஜா இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். குப்பாண்டி வைத்தியர் பக்கம் திரும்பினான்.

"ஐயா, மகாராஜா நாடியையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். பாவம்!"