கற்பூரச் சம்பந்தியும் புதினா சம்பந்தியும் உருகின கதை

அந்தக் காலத்துல, கல்லும் உப்பும்கூட வாயைத் திறந்து வம்பு பேசிக்கிட்டிருந்த சமயம். மலையடிவாரத்துல ஒரு பெரிய மரம். அதுல சொக்கின்னு ஒரு மைனா, கூடு கட்டி ரெண்டு குஞ்சு பொரிச்சிருந்தா. யார் குரலைக் கேட்டாலும் அச்சு அசலா பேசிக் காட்டுவா. அந்த வாயாலேயே மரத்துல பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது.

ஒருநாள் காலையில இரை தேடிட்டு வந்தவ, கூட்டுக்கு நேர் மேல, குங்கிலியப் பிசின் வழிஞ்சிருந்த கிளையில உக்காந்துட்டா. ரெண்டு காலும் ஒட்டிக்கிச்சு. இழுத்தா வரலை. கீழே பார்த்தா, ஒரு சாரைப்பாம்பு மரத்துல ஏறுது. அது கண்ணு கூட்டு மேல.

"தண்ணியண்ணே, காலை எடுத்து விடேன்!"னு கத்தினா.

இலையில தேங்கியிருந்த மழைத்தண்ணி சளசளன்னு வந்துச்சு. "மலையையே கரைச்ச ஆளும்மா நானு. இதெல்லாம் எனக்கு..." பிசின் மேல ஏறிச்சு. அப்படியே உருண்டு கீழே போச்சு. போற வழியில, "உப்பைக் கரைக்கணும்னா சொல்லியனுப்பு!"

பக்கத்துப் புதர்ல மேய்ஞ்சுகிட்டிருந்த நெருப்பு எட்டிப் பார்த்துச்சு. "நான் வரட்டா? பிசின் நொடியில உருகிடும்."

"என் காலு?"

"ஆமா, அதுவும்தான்."

சொக்கிக்கு உயிரே போச்சு. அப்பதான் நேர் மேல இருந்த பொந்து ஞாபகம் வந்துச்சு.

அந்தப் பொந்துல ஒரு மூலையில கற்பூரம். எதிர் மூலையில, புதினா இலையிலேர்ந்து எடுக்கற, ஊசி ஊசியான புதினா உப்பு. ரெண்டு பேரும் சம்பந்திங்க. மூணு வருஷமா பேச்சு கிடையாது. பிள்ளைங்க கல்யாணத்தன்னிக்கு வாய் நிறைய 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கலைன்னு கற்பூரத்துக்குக் கோபம். தன்னைத்தான் கேக்கலைன்னு புதினாவுக்குக் கோபம். யார் முதல்ல கூப்பிடறதுங்கற வைராக்கியத்துலயே ரெண்டு பேரும் இறுகிக் கட்டியாகிக் கிடந்தாங்க. ஆனா ரெண்டு வாசனையும் கலந்து வீசற பொந்து வாசல்ல மட்டும் பிசின் இளகியிருக்கும். அதை சொக்கி பார்த்திருக்கா.

பாம்பு பாதி மரம் ஏறிடுச்சு.

சொக்கி தொண்டையைச் செருமினா. கற்பூரத்தோட கனத்த குரல்ல: "வாங்க... சம்பந்தி. சாப்பிட்டீங்களா?"

பொந்துக்குள்ள புதினா காதைத் தீட்டிக்கிச்சு.

உடனே புதினாவோட சில்லுங்கற குரல்ல: "நீங்க கூப்பிட்டு நான் வராம இருப்பேனா? முதல்ல நீங்க வாங்க!"

தடதடன்னு ரெண்டு பேரும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க! நெருப்பு வைக்கலை, தண்ணி ஊத்தலை. தொட்ட இடத்துலேர்ந்து ரெண்டு பேரும் இளகி, தெளிஞ்ச எண்ணெயாட்டம் ஓட ஆரம்பிச்சாங்க. பொந்து விளிம்பு தாண்டி, சொட்டு... சொட்டு... நேரா சொக்கி கால் மேல. பிசின் வழுக்கிக்கிட்டுப் போச்சு. ஒரு கால் வந்துச்சு. இந்தா, இன்னொரு காலும் வந்துச்சு!

கூட்டு விளிம்புல பாம்பு தலையைத் தூக்கிச்சு. சொக்கி விருட்டுனு பறந்து மண்டையில நங்குனு ஒரு கொத்து. அது அண்ணாந்து பார்க்க, மூக்குல விழுந்துச்சு மிச்சச் சொட்டு. தும்மிக்கிட்டே தரையில விழுந்த பாம்பு, தன் வாலைக்கூடத் திரும்பிப் பார்க்காம ஓடிச்சு. மரமே ஆரவாரம் பண்ணிச்சு.

பொந்துல மட்டும் ஒரு முணுமுணுப்பு.

"நீங்கதானே முதல்ல கூப்பிட்டது?"

"நானா? நீங்கல்ல!"

கோவிச்சுக்கிட்டுப் பிரியலாம்னு பார்த்தாங்க. எது யாருன்னே தெரியலை. சொக்கி சிரிப்பை அடக்கிக்கிட்டு, குஞ்சுங்க வாயில இரையை வெச்சா.

அன்னிலேர்ந்துதான், கற்பூரத்தையும் புதினா உப்பையும் ஒரே சீசாவுல போட்டா அடுப்பில்லாம, தண்ணியில்லாம தானா உருகி நிக்குது. நாட்டு மருந்துக் கடைக்காரரும் ரெண்டையும் தனித்தனி டப்பாவுல வெச்சு மூடி, நடுவுல எந்த மைனாவும் வந்து பேசாம பார்த்துக்கறாரு.