வைரமணி கட்டிக்கொண்ட இதயப்பட்டை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. நம்பாமலேயே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

எனக்குச் சொன்னவன் என் நண்பன் ஞானதிரவியம். பத்தாயிரம் மீட்டர் ஓடியவன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு பயிற்சி முகாம். பயிற்சியாளர் வைரமணி, அவனைவிட வயதில் இளையவர்.

"மேடம், இன்னிக்கும் நடக்கத்தானா?"

"நடக்கத்தான்."

"ஞாயித்துக்கிழமை அணித் தேர்வு. எல்லாரும் ஓடுறாங்க. நான் மட்டும் பென்ஷன்காரர் மாதிரி நடந்துக்கிட்டிருக்கேன்."

"உங்க எண் இறங்கிக் கிடக்கு, திரவியம்."

காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல் மார்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று அது அளந்து செல்போனில் ஒரு எண்ணாகக் காட்டும்.

களைப்பு தீர்ந்த இதயம் கொஞ்சம் முன்பின்னாகத்தான் துடிக்கும். கடிகாரம் போல ஒரே சீராகத் துடித்தால் எண் இறங்கும். பயிற்சியில் ஏறிய கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இன்னும் அடங்கவில்லை என்று வைரமணி எடுத்துக்கொள்வார். அன்று ஓட்டம் கிடையாது.

"சீராத் துடிச்சா நல்லதுதானே மேடம்? எங்க ஊர் டாக்டர் அப்படித்தான் சொல்றார்."

"அப்போ அவரையே கோச்சா வச்சுக்கோங்க."

"என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. பாதி ஓட்டத்துல தடத்துலயே உக்காந்துட்டீங்க. இந்தத் தடவையும் உக்காந்தா அணியில இடம் இல்ல."

"ஓடிப் பழகாமப் போய் நின்னாலும் இடம் இல்ல, மேடம்!"

வைரமணி கையை நீட்டினார்.

"பட்டையைக் கொடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு நான் கட்டிக்கிறேன்."

மறுநாள் காலை திரவியம் அவர் அறைக் கதவைத் தட்டினான். வைரமணி போர்வையோடு வந்து, செல்போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அவனுடைய எண்ணைவிட அவருடையது கீழே இருந்தது.

"மேடம்! என்னைவிட உங்களுக்குத்தான் மோசம். ரெஸ்ட் எடுக்க வேண்டியது நீங்கதான்!"

நான் நம்பாதது இந்த இடத்தைத்தான். ஒருவருடைய எண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடக் கூடாது. அவரவருடைய முந்தைய நாட்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே வைரமணிதான். அவர் திருத்தியிருக்க வேண்டாமா?

அவர் திருத்தவில்லை.

"சரியாச் சொன்னீங்க. எடுத்துக்கிறேன்."

"அப்போ நான்?"

பட்டையை அவன் தோளில் போட்டார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"மேடம், ஓடவா, நடக்கவா?"

மறுபடியும் கதவைத் தட்டினான்.

"எதையாவது ஒண்ணைச் சொல்லிட்டுத் தூங்குங்க, மேடம்!"

கீழே மைதானத்தில் மற்றவர்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள்.

திரவியம் கதையை இங்கேதான் முடிப்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். "இவங்கல்லவா குரு!" என்று யாராவது சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் என்மீதே எரிச்சல் வரும்.

போன மாதம் மறுபடியும் சொன்னான். யாரும் சிரிப்பதற்கு முன் நான் கேட்டுவிட்டேன்.

"எல்லாம் சரிப்பா. அன்னிக்கு நீ ஓடினியா, இல்லையா?"