இந்த முனையைப் பிடித்திருப்பது யார்?

உப்பளத்தை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளிக்கு இசக்கியப்பன் சார் வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. தலைமை ஆசிரியை ஜெபராணிக்கு முப்பத்தாறு. ஆனாலும் எதற்கெடுத்தாலும், "டீச்சர், இதை எப்படி நடத்த?" என்று அந்த அம்மாளிடம்தான் போய் நிற்பார். கற்றுக்கொள்வதில் வயது பார்க்காத மனிதர்.

ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு கையிலும் காகிதத்தோடு வந்தார். ஒன்றில் ஐந்தாம் வகுப்பின் விடைத்தாள்கள். மற்றதில் ஒரு கடிதம்.

"என்ன சார் லெட்டரு?"

"அஞ்சாம் கிளாஸ் அறிவியல வேற யாருக்காவது குடுத்துருங்க டீச்சர். நான் ஒண்ணாம் கிளாசுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். ஒளியெல்லாம் எனக்கு ஒத்து வரல."

பதினேழு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. முதல் வருஷமே தோற்றுப்போனோமே என்று மனிதருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். ஒளி அலையாக வருகிறது என்று விளக்க, ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சூரியன்" என்று உதறினார். கயிறு நெளிந்து நெளிந்து ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சாருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது பரீட்சையில்தான் தெரிந்தது. 'சூரிய ஒளி பூமிக்கு எப்படி வருகிறது?' என்ற கேள்விக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள்: கயிறு வழியாக.

இருபத்துமூன்றாவது சந்தனமாரி. அவள் பதிலே எழுதவில்லை. 'சார், அந்தக் கயித்தோட இந்த முனைய யாரு புடிச்சிருக்கா?' என்று மட்டும் கேட்டிருந்தாள். அதற்கு நேராகச் சிவப்பு மையில் பெரிய முட்டை.

ஜெபராணி கடிதத்தை வாங்கிக்கொண்டு, சந்தனமாரியின் தாளை மட்டும் எடுத்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தார்.

"வாங்க சார், வெளிய போவோம்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சுவருக்கு அப்பால் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

"கைக்குட்டையால கண்ண இறுக்கிக் கட்டிக்கிடுங்க. உங்க தலைக்கு மேல நான் ரெஜிஸ்டர நீட்டும்போது 'இப்போ'ன்னு சொல்லணும்."

கட்டிக்கொண்டார். பிள்ளைகள் தட்டும் கையுமாக வராந்தாவில் கூடிவிட்டார்கள். ஜெபராணி உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும் கப்சிப். சாரின் வழுக்கையோ இந்தச் சோதனைக்கென்றே வாய்த்தது.

"இப்போ" என்றார். சரி.

"எடுத்துட்டீங்க." அதுவும் சரி.

ஜெபராணி பூனைபோலச் சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து நீட்டினார்.

"இப்போ."

ஏழு தடவை நீட்டினார். ஏழும் சரி. வராந்தாவில் யாரோ சோற்றுக் கையோடு தட்டினார்கள்.

"நான் உங்களத் தொட்டேனா சார்?"

"இல்ல."

"பெறகு எப்படித் தெரிஞ்சுது?"

"தலையில விழுந்துக்கிட்டிருந்த சூடு நின்னுபோச்சு டீச்சர்."

"எவ்வளவு தூரத்துல இருந்து ஒளியோட சேந்து வர்ற சூடு! ஒரு நோட்டு மறிச்சதும் நின்னுபோச்சு. என் கையில கயிறு எதுவும் தட்டுப்படலியே."

இசக்கியப்பன் கட்டை அவிழ்த்துவிட்டு வானத்துக்கும் தன் தலைக்கும் நடுவே கையை வீசிப் பார்த்தார்.

"கயிறே இல்லாம அலை மட்டும் வருமா டீச்சர்?"

"வந்துக்கிட்டுத்தான இருக்கு."

ஜெபராணி பதிவேட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

"இந்தப் பிள்ளைக்கு ஏன் சார் முட்டை போட்டீங்க?"

இசக்கியப்பன் தாளை வாங்கி அந்தச் சிவப்பு முட்டையைப் பார்த்தார்.

"எனக்குப் பதில் தெரியல டீச்சர். நானும் இத்தன வருஷமா ஏதோ ஒரு கயிறு இருக்குன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். அதச் சொல்ல வெக்கப்பட்டுப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டார். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. சிரிப்புக்கூட வந்தது. கடிதத்தைத் திருப்பி வாங்கி நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வராந்தாத் தூண் பக்கத்தில் சந்தனமாரி தட்டை ஏந்தியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைகிட்ட இப்போ என்ன சொல்ல டீச்சர்?"

"எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லுங்க. பெறகு அந்தக் கைக்குட்டைய அவ கண்ணுல கட்டிவிடுங்க."