பெருச்சாளிக்கு ஓர் இரங்கல் கூட்டம்

ஒரு காட்டில் மழை குறைவு, பேச்சு அதிகம். யாருக்காவது காலில் முள் குத்தினால் போதும், முள்ளை எடுக்கும் முன்பே கூட்டம் போட்டுவிடுவார்கள். மயில் தோகையார் தலைமை தாங்குவார். மரநாய் சொல்மாரி முழங்குவார். முள் பாட்டுக்குக் காலிலேயே இருக்கும்.

அங்கே மூக்காயி என்றொரு மூஞ்சூறு இருந்தாள். ஆள் கட்டைவிரல் அளவு. அதில் பாதி மூக்கு. எதைக் கண்டாலும் மோந்து பார்ப்பாள், "இது ஏன்? அது எப்படி?" என்று கேட்பாள். அவள் கணவன் முத்தையன் எதையும் கேட்க மாட்டான். வாய் எப்போதும் நிறைந்திருந்தால் எப்படிக் கேட்பது?

காட்டை ஒட்டி ஒரு தோட்டம் இருந்தது. ஒரு நாள் காலை அங்கே வாழைமரத்தடியில் பெருச்சாளி உருண்டையன் மல்லாந்து செத்துக் கிடந்தான். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தேங்காய்ச் சில்லுகள். தோட்டக்காரர் எலி மருந்து தடவி வைத்தவை அவை. குழந்தைகளே, அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். காட்டில் ஒருவருக்கும் தெரியாது.

போன வாரம் இதே இடத்தில் காட்டெலி ஒன்று செத்துக் கிடந்தது. அப்போதும் பெரிய கூட்டம் நடந்தது. "அண்ணன் போன வழியில் நானும் போவேன்!" என்று உருண்டையன் நெஞ்சில் அடித்துக்கொண்டு சூளுரைத்தான். பாவம், சொன்ன சொல் தவறவில்லை.

சொல்மாரி வாழைமரத்தடிக்கு ஓடி வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"விழிநீர் வடிக்கும் விலங்குகளே! பாசத்துக்குரிய பறவைகளே! வளை தோண்டிய வள்ளலே, உருண்டையா! மண்ணைக் கிளறிய மாணிக்கமே! எங்களை விட்டு எங்கே சென்றாய்?"

"அவர் எங்கேயும் போகலைங்க, இங்கதான் கிடக்கிறார்" என்றாள் மூக்காயி. அவள் பிணத்தின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "எப்படிச் செத்தார்னு யாராவது பார்த்தீங்களா? வாயில நுரை தள்ளியிருக்கு."

"உஸ்!" என்று அதட்டினார் தோகையார். "எழவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது?"

மூக்காயி பிணத்தை மோந்தாள். பிறகு கொட்டாங்கச்சியை மோந்தாள். இரண்டிலும் ஒரே வாடை!

"ஐயோ, இந்தத் தேங்காயில ஏதோ இருக்கு! சுத்தி எறும்பெல்லாம் செத்துக் கிடக்கு. வந்து பாருங்களேன்!"

"அமரர் ஆசையாக உண்ட பண்டத்தையா பழிக்கிறாய்?" என்று சீறினார் சொல்மாரி.

"நரம்பில்லாத நாக்கு! என்ன வேண்டுமானாலும் பேசும்" என்று காகம் ஒத்து ஊதியது.

சொல்மாரிக்கு இப்போது சுதி ஏறிவிட்டது. "உருண்டையன் உண்ணத் தொடங்கினார். உண்டு முடிக்கும் முன் உயிர் பிரிந்தது. அவர் விட்டுச் சென்ற பணியை முடிக்கப்போவது யார்?"

"நாங்கள்! நாங்கள்!"

"அப்படியானால் ஆளுக்கொரு சில்லு உண்போம்! அதுவே நாம் செலுத்தும் அஞ்சலி!"

கைதட்டலில் வாழையிலைகள் ஆடின. அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் முத்தையன். அவனுக்குக் கண்ணீரெல்லாம் வாய் வழியாகவே வடிந்தது.

மூக்காயி ஓடிப்போய் அவன் வாலைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வேண்டாங்க! தின்னா செத்துப்போவீங்க!"

"சும்மா இரு புள்ள. செத்தவருக்கு மரியாதை செய்யறோம். அதுவும் தேங்காய் வேற."

மூக்காயி வாலை விட்டாள். கத்தினால் இவர்கள் கேட்க மாட்டார்கள். அழுதாலோ, கூடச் சேர்ந்து அழுவார்கள். இவர்களுக்குப் புரிவது ஒரே ஒரு மொழிதான். அவள் குபீரென்று ஒரு கல்லின் மேல் தாவி ஏறினாள்.

"சொல்லால் மழை பொழியும் சொல்மாரி அவர்களே! முதல் சில்லு முத்தையனுக்கா? இது முறையா? அமரரின் அரும்பணியை முடிக்க அருகதை உள்ளவர் ஐயா ஒருவரே! அமரரின் முகத்தைப் பார்த்தபடியே எல்லாச் சில்லுகளையும் ஐயாவே உண்ணட்டும்!"

"உண்ணட்டும்! உண்ணட்டும்!" என்றது கூட்டம்.

"வழிமொழிகிறேன்" என்றார் தோகையார். முத்தையனின் முகம் தொங்கிப்போயிற்று.

சொல்மாரி பூரித்துப்போனார். ஒரு சில்லை எடுத்தார். நாலு பக்கமும் காட்டினார். வாயருகே கொண்டுபோனார்.

அப்போதுதான் அவருடைய கண் கீழே போயிற்று. உருண்டையனின் பல்லிடுக்கில் அதே மாதிரி ஒரு சில்லு. உதட்டில் நுரை. சுற்றிலும் எறும்புகள், அசையாத எறும்புகள். சொல்மாரியின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மேடைத் தமிழ் எங்கோ ஓடிப்போனது.

"அது சரி... இவன் எப்படிச் செத்தான்?"



"அதைத்தானே ஐயா காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்!" என்று கல்லின் மேல் குதித்தாள் மூக்காயி.

சொல்மாரி தேள் கொட்டினாற்போலச் சில்லை வீசி எறிந்தார். எல்லோரும் பிணத்தைச் சுற்றிக் குனிந்து, முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

"காட்டெலி வாயிலும் இப்படித்தான் வெள்ளையாக இருந்தது" என்று இழுத்தது காகம். "யாரோ கடைசியாகப் பால் ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்."

முத்தையன் ஒரே பாய்ச்சலில் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஆழமாகக் குழி தோண்டினார்கள். சில்லுகளைக் கொட்டாங்கச்சியோடு உள்ளே தள்ளி மண்ணைப் போட்டு மிதித்தார்கள். உருண்டையனுக்கு வேறொரு குழி வெட்டினார்கள். "இந்த நேரத்தில்..." என்று சொல்மாரி ஆரம்பித்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேசாமல் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டார்.

மூக்காயி அப்போதுதான் அழுதாள். உருண்டையன் அவளுடைய அடுத்த வளைக்காரன், நல்லவன். போன வாரம் ஒரே ஒருவர் காட்டெலியின் வாயைக் குனிந்து பார்த்திருந்தால், இன்று அவனும் இந்த வேலையில் கைகொடுத்துக்கொண்டிருப்பான்.

நீதி: இறந்தவரின் புகழைப் பாடுமுன், அவர் எதனால் இறந்தார் என்று பார்.